மட்டசனம்: நாம் மறந்துபோன புண்ணியம்



ஞானோபதேசம் படித்த காலத்தில் தலையான பாவங்கள் ஏழையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தவர்கள் உங்களில் அநேகர் இருப்பீர்கள். அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழும் அதே இராகத்தில் வரும். போசனப்பிரியத்துக்கு எதிரே நிற்பது மட்டசனம். மட்டான அசனம், அதாவது அளவான உணவு. இன்று பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், அது ஏதோ ஒரு மருந்தின் பெயர் என்று நினைப்பார்கள். அப்படி நினைத்தாலும் முழுப் பிழையில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது கோபம் நினைவுக்கு வருகிறது, பொய் வருகிறது, அயல்வீட்டாரோடு பேசாமல் இருப்பது வருகிறது. வயிறு யாருடைய நினைவுக்கு வருகிறது? சாராயம் குடிப்பவனைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் தாய்மார் எல்லோரும் தலையசைப்பார்கள். சோற்றைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால், "சுவாமிக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையோ" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு.

ஏனென்றால் இது பசியை அறிந்த கரை. 2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் விடத்தல்தீவும் இலுப்பைக்கடவையும் வெறுமையாயின. அங்கிருந்து கிழக்கே, பிறகு இன்னும் கிழக்கே, கடைசியில் முல்லைத்தீவுக் கரைமட்டும் போன சனம், 2009 வைகாசியில் உப்பும் அரிசியும் மட்டுமே இருந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றது. ஒவ்வொரு வருடமும் வைகாசியில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி நினைவுகூருகிறோம். அதன் பின்னர் மெனிக்பாமில் அளந்து கொடுத்த மாவும் பருப்பும். அப்படிப்பட்ட நாட்களைக் கடந்து ஊருக்குத் திரும்பிவந்த ஒரு தாய், தன் பிள்ளையின் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போடுகிறாள் என்றால், அதைப் போசனப்பிரியம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவளுக்கு அந்த அகப்பை ஒரு செபம். "என்ன மெலிஞ்சு போனாய், சுகமில்லையோ?" என்பது நம்முடைய அன்பின் மொழி. "கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறாய்" என்பது நம்முடைய வாழ்த்து.

ஆகையால் அழகைப் பற்றி நான் ஒன்றும் பேசப்போவதில்லை. சினிமா நடிகையின் இடுப்பும் நடிகனின் நெஞ்சும் நமக்கு வேண்டாம். ஆளை ஆள் பார்த்து "தடியன்" என்று பட்டம் வைப்பது பிறர்சிநேகத்துக்கு விரோதமான பாவம். அதையும் சேர்த்தே சங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும். நான் பேசப்போவது சீனி வருத்தத்தையும் இரத்த அழுத்தத்தையும் பற்றியது. கடலுக்குப் போகிறவனுக்குச் சீனி வருத்தம் முற்றினால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். கரைவலை இழுக்கையில் சிப்பி வெட்டினாலும் தெரியாது. இரவு வீட்டுக்கு வந்து மனைவி இரத்தத்தைக் கண்டு சொன்னபின்தான் தெரியும். ஆறாத புண் விரலை எடுக்கும், பிறகு பாதத்தை எடுக்கும். ஷெல்லுக்குத் தப்பிய கால் சீனிக்குப் போகவேண்டுமா?

இன்னுமொன்றையும் தாய்மார் அறிந்திருப்பது நல்லது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1944-45 மாரிகாலத்தில், ஒல்லாந்து தேசத்தின் ஒரு பகுதியில் கொடும் பஞ்சம் உண்டானது. அப்போது கருவிலிருந்த பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது வயதளவில் பரிசோதித்தார்கள். அவர்களுடைய உடம்பு சீனியைக் கையாள்வதில் மற்றவர்களைவிடப் பலவீனமாயிருந்தது. வயிற்றிலேயே பட்டினியைக் கண்ட உடம்பு, கிடைப்பதைச் சேமிக்கப் பழகிக்கொள்கிறது என்றும், பின்னர் தாராளமாகக் கிடைக்கும்போது அதுவே அதற்கு வினையாகிறது என்றும் விளக்கம் சொல்லுகிறார்கள். 2009இல் வன்னியில் பிறந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். "பட்டினியோடு பிறந்த பிள்ளை, கேட்டதெல்லாம் கொடுப்போம்" என்று சோடாவும் பணிசும் வாங்கிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையைத்தான் மற்றப் பிள்ளைகளைவிடக் கவனமாகக் காக்கவேண்டும்.

வேதாகமம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது? சீராக்கின் ஞானி, விருந்தில் அளவோடு உண்பவனுக்கு நல்ல நித்திரையும், மிஞ்சி உண்பவனுக்கு வயிற்றுளைவும் கிடைக்கும் என்று ஒரு வைத்தியரைப்போலவே எழுதிவைத்திருக்கிறார். புனித சின்னப்பர் நமது சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். இவற்றையெல்லாம் நீங்கள் அடிக்கடி கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு யாத்திராகமத்தின் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம்.

எகிப்தை விட்டு வந்த சனம் வனாந்தரத்தில் பசியால் முறுமுறுத்தது. இடம்பெயர்ந்த சனம்; பசித்த சனம்; நம்மைப்போல. சர்வேசுரன் மன்னாவைப் பொழிந்தார். ஆனால் பொழிந்ததோடு நிற்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு அளவையும் கொடுத்தார். அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவுமில்லை, குறையப் பொறுக்கியவனுக்குக் குறையவுமில்லை. நாளைக்கு இருக்குமோ இராதோ என்ற பயத்தில் சிலர் மறுநாளைக்கும் ஒளித்துவைத்தார்கள். அது புழுத்து நாறியது. மோயீசன் கோபங்கொண்டார். நான் மோயீசனைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தச் சனத்தின்மேல் எனக்கு இரக்கமுண்டு. பசி கண்டவன் பதுக்குவான். பாத்திரத்தில் பதுக்க இடமில்லாவிட்டால் வயிற்றில் பதுக்குவான். அவர்களுக்குக் கடவுள் நாற்பது வருடம் கற்பித்த பாடம், அன்றன்றைக்குள்ளது போதும் என்பது. ஒரே நாளில் கற்பிக்கவில்லை. காலைதோறும் ஒரு சிறு அளவைக் கையில் கொடுத்துக் கற்பித்தார்.

நம்மிடையே நடப்பது இதற்கு நேர்மாறானது. விபூதிப் புதனன்று ஒரு பெரிய தீர்மானம். சிலர் தவக்காலம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டை விடுகிறார்கள். சிலர் சோற்றையே விடுகிறார்கள். ஒருசந்தியன்று பகல் முழுவதும் வெறும் வயிறு, இரவில் மூன்றுபேர் சாப்பாடு. நாற்பது நாளில் ஆறு கிலோ குறைந்தது என்று சந்தோஷம். பாஸ்குத் திருநாளன்று தொடங்கி இரண்டு மாதத்துக்குள் அந்த ஆறும் திரும்பிவந்து, கூட ஒன்றையும் அழைத்துவருகிறது. உடம்பைப் படைத்தவர் அதைப் பஞ்சத்துக்குத் தாக்குப்பிடிக்கும்படி படைத்தார். திடீரென்று உணவு குறைந்தால், பஞ்சம் வந்துவிட்டதென்று அது பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. கொழுப்போடு தசையையும் நீரையும் சேர்த்தே இழக்கிறது. திருச்சபைத் தாய் 1966ஆம் ஆண்டிலேயே, ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் மூலமாக, கட்டாய ஒருசந்தியை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாட்களுக்குச் சுருக்கினார்கள். தபசை விட்டுவிடுங்கள் என்பதற்காகவல்ல. செபத்தாலும் தருமத்தாலும் அன்றாட வாழ்வின் சிறு ஒறுத்தல்களாலும் அதை நிறைக்கவேண்டும் என்பதற்காக. நாமோ சுருக்கியதை எடுத்துக்கொண்டோம், நிறைக்கச் சொன்னதை மறந்தோம்.

அன்றாடச் சிறு ஒறுத்தல் என்றால் என்ன என்பதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம். எங்கள் பக்கத்துத் தேத்தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி சாதாரணம். கடலாலும் வயலாலும் வந்தவன் ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடிக்கிறான். பதினைந்து கரண்டி. கரண்டிக்கு ஐந்து கிராம் என்று வைத்தால் 75 கிராம். மாதத்துக்கு ஒரு ஆளுக்கு இரண்டேகால் கிலோ சீனி, தேத்தண்ணீரில் மட்டும்! உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த அறிவுரை, எல்லா வழியாலும் சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், அதாவது ஐந்து கரண்டிக்குள் நிற்பது உத்தமம் என்பதாகும். ஐந்து தேத்தண்ணீரும் இருக்கட்டும். மூன்று கரண்டியை ஒன்றாக்குங்கள். ஒரே நாளில் வேண்டாம். இந்தக் கிழமை இரண்டரை, அடுத்த கிழமை இரண்டு, பிறகு ஒன்றரை. நாக்கு மெதுவாகப் பழகிவிடும், கோபிக்காது. ஒன்றுக்கு வந்தபின், நாளைக்கு 200 கலோரி மிச்சம். கணக்குப்படி அது மாதத்துக்கு முக்கால் கிலோ நிறை. உடம்பு கணக்குப் புத்தகமல்ல, போகப்போகக் குறைவு மந்தமாகும். ஆனாலும் பட்டினி கிடவாமல், ஒருவருக்கும் தெரியாமல், நடக்கிற காரியம் இது. நம் ஆண்டவர் உபவாசத்தைப் பற்றிச் சொன்னதும் ஒருவருக்கும் தெரியாமல் செய்யும்படிதானே.

இனி சோறும் பாணும். புனித ஆசீர்வாதப்பர் தமது சந்நியாசிகளுக்கு எழுதிய ஒழுங்கில் உணவின் அளவுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். நாளைக்கு ஒரு இறாத்தல் அப்பம், சமைத்த கறி இரண்டு, கிடைத்தால் பழமோ கீரையோ மூன்றாவதாக. வேலை கடினமான நாளில் தலைவர் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் வயிறு முட்டுமளவுக்கு வேண்டாம். வெட்டுகிற மண்ணுக்குத் தக்கதாக அளக்கப்பட்ட சாப்பாடு அது! நம்முடைய தகப்பன்மாரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். குவித்த சோறு சாப்பிட்டார்கள், உண்மை; ஆனால் அருவி வெட்டியது கை, சூடு மிதித்தது கால், வள்ளத்தைத் தள்ளியது தோள். இப்போது நெல்லை இயந்திரம் வெட்டுகிறது, வள்ளத்தை இயந்திரம் தள்ளுகிறது. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதி யுத்தத்துக்குப் பிறகு காப்பெற் வீதியானது. 2011 தையில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டது. கடவுளுக்குத் தோத்திரம், நோயாளியை வேகமாகக் கொண்டுபோகலாம். ஆனால் அதே வீதியால் பேக்கரி வண்டியும் சோடா லொறியும் வேகமாகவே வருகின்றன. அரைக் கட்டைத் தூரத்திலுள்ள கோவிலுக்கும் மோட்டார் சைக்கிள். வேலை பாதியாய்க் குறைந்தது. கோப்பையிலுள்ள குவியல் மாத்திரம் தகப்பன் காலத்துக் குவியலாகவே இருக்கிறது.

ஆகவே ஒரு அகப்பை. இரண்டல்ல, ஒன்று. மூன்று அகப்பை போடுகிறவள் இரண்டு போடட்டும். அந்த வெற்றிடத்தில் முருங்கையிலை வறையோ பொன்னாங்காணியோ பயற்றங்காய்க் கறியோ வைக்கட்டும். தீட்டிய வெள்ளை அரிசியை விடத் தவிடு போகாத சிவப்பு அரிசி நல்லது. நமக்கு மீன் இருக்கிறது. கொழும்பிலுள்ளவன் ஆசைப்பட்டும் வாங்கமுடியாத மீன்! அதை எண்ணெயில் பொரித்துத்தான் தின்னவேண்டுமென்று யார் கட்டளையிட்டது? குழம்பும் சொதியும் போதாதா? குரக்கன் பிட்டையும் ஒடியல் கூழையும் ஏழைச் சாப்பாடு என்று தள்ளிவிட்டோம். பட்டணத்து வைத்தியர்கள் இப்போது குரக்கனைத் தேடி வாங்கிச் சாப்பிடச் சொல்லுகிறார்கள்.

சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் சீனிப் பானங்களுக்கு நிறக் குறி போடவேண்டுமென்று சட்டம் வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். அதற்குக் குறைந்தால் பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும், கற்றுக்கொடுங்கள். செம்மஞ்சள் என்றால் சீனியில்லை என்று நினைக்கவேண்டாம்; பத்துக் கிராமும் செம்மஞ்சள்தான். சுவாமிமார் வீடு மந்திரிக்க வந்தால் வீட்டுக்கு வீடு சோடாவும் கேக்கும் நீட்டுகிறீர்கள். இருபது வீடு மந்திரித்தபின் குருவானவரின் நிலை என்ன? செம்பில் தண்ணீர் கொடுங்கள். அதற்கும் கைம்மாறு உண்டென்று ஆண்டவரே வாக்களித்திருக்கிறார்.

சாப்பிடும் விதத்தையும் கவனிக்கவேண்டும். பெரிய கிரகோரியார் சொல்லி, அக்குயினாஸ் தோமையார் எடுத்து விளக்கியபடி, போசனப்பிரியம் ஐந்து விதமாய் வரும்: வேளைக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, அளவு மிஞ்சுவது, ஆவல் பட்டு விழுங்குவது, பக்குவத்தில் மிதமிஞ்சிய நுணுக்கம் பார்ப்பது. இதில் நான்காவதைக் கைத்தொலைபேசி வைத்திருக்கிறவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் சோறுமாய் இருப்பவனுக்குத் தான் தின்றது எவ்வளவென்று தெரியாது. சாப்பாட்டுக்கு முந்திய செபத்தைச் சொல்லி, அது முடியுமட்டும் கையைக் கோப்பையில் வைக்காமலிருந்தாலே பாதி ஆவல் அடங்கும்.

நடையைப் பற்றி. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் அவரோடிருந்தவர்களும், சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேரை ஏறக்குறைய இரண்டரை வருடம் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழமைபோல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. நாள்தோறும் அரை மணி நேரமாவது வேகமாக நடந்து, சீனியையும் கொழுப்பையும் குறைத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. இதிலே எனக்குப் பெரிய ஆறுதல் தருவது, அவர்களுடைய நிறை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது. தராசில் முள் அசையவில்லை என்று இரண்டாம் மாதத்தில் மனமுடைந்து விட்டுவிடுகிறவர்கள் இதைக் கேட்கவேண்டும். நம்மைப்போன்ற தமிழர், சோறு தின்னும் சனம். ஏதோ வெள்ளைக்காரனுக்குச் சொன்ன கதையல்ல.

எங்கே நடப்பது? ஏ-32இல் விடியப்புறத்து இருட்டில் நடக்கவேண்டாம், வாகனம் பறக்கிறது. உள்ளொழுங்கையிலோ கோவில் வளவிலோ குளக்கட்டிலோ நடக்கலாம். பெண்கள் தனியே நடந்தால் ஊர் வாய் சும்மா இராது, நாயும் சும்மா இராது. நாலைந்து பேராய்ச் சேர்ந்து, பின்னேரம் வெயில் சாய்ந்தபின், கையில் செபமாலையோடு புறப்படுங்கள். ஐம்பத்துமூன்று மணியை ஆறுதலாகச் சொல்லக் கால் மணிக்கு மேல் எடுக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. யாராவது கேட்டால் செபமாலை சொல்லுகிறோம் என்று சொல்லலாம், அது பொய்யுமல்ல. பதினாறாம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரியார் உரோமாபுரி வாலிபரைச் சேர்த்துக்கொண்டு ஏழு கோவில்களுக்கும் பாட்டும் பகிடியுமாய்க் கால்நடையாக அழைத்துப்போனார். நாமும் மடுமாதாவிடம் நடந்துபோகிற சனந்தான். ஆனால் ஆவணியில் ஒருதரம் நடந்துவிட்டு மற்ற மாதமெல்லாம் படுத்திருப்பது நடையாகாது. முதல் கிழமை பத்து நிமிடம் போதும். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். நெஞ்சு நொந்தால் நிறுத்தி வைத்தியரிடம் போங்கள்.

திருநாள் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருநாளன்று சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். நம் ஆண்டவர் கானாவூர் விருந்துக்குப் போனார். போசனப்பிரியன் என்ற பேச்சும் கேட்டார். விருந்தைப் பகைக்கிறவன் கிறிஸ்தவனல்ல. ஆனால் திருநாள் ஒரு நாள். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு விருந்து, அந்தியேட்டி என்று கிழமையில் மூன்று நாள் திருநாளானால், திருநாளுக்கே மதிப்பில்லை.

தையல் நாடா வீட்டில் இருக்கும். தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். நம்மினத்தாரில் ஆணுக்கு 90 சதமமீற்றரும் பெண்ணுக்கு 80 சதமமீற்றரும் எல்லை. அதைத் தாண்டினால் பயந்து ஓடவேண்டாம். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைத்தாலே இரத்தத்தில் வித்தியாசம் தெரியும். 2011ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் நிறை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சீனி எல்லாவற்றையும் நோய் வருமுன்னே இலவசமாய்ப் பார்க்கும் நிலையங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆண்கள் போவது குறைவு. மனைவிமாரே, அழைத்துக்கொண்டு போங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுக்கிறவர்கள், வைத்தியரைக் கேளாமல் ஒருசந்தி பிடிக்கவும் கூடாது, நிறை குறைந்ததென்று குளிசையை நிறுத்தவும் கூடாது. வெறும் வயிற்றில் சீனி இறங்கி மயங்கி விழுந்தால் அது தபசல்ல. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் இந்தக் குறைப்பு எதுவும் வேண்டாம். அறுபது வயதைத் தொட்டவர்களை ஒருசந்திக் கட்டளையிலிருந்து திருச்சபையே விடுவித்திருக்கிறது.

கடைசியாக, இந்தப் பிரசங்கம் எல்லா வீட்டுக்கும் உரியதல்ல. 2022இல் விலையேறிய நாள்முதல் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்த குடும்பங்கள் இந்தப் பங்கிலும் உண்டு. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் தகப்பனுக்கு இடுப்பு மிஞ்சுகிறது. அடுத்த வீட்டில் பிள்ளைக்கு நிறை போதாதென்று மருத்துவமாது திரிபோஷா எழுதிக் கொடுக்கிறார். ஆதித் திருச்சபையில் ஏர்மாஸ் என்பவர் எழுதிய நூலொன்றிலே, உபவாச நாளில் தின்னாமல் விட்ட சாப்பாட்டின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கவேண்டுமென்று சொல்லியிருக்கிறது. மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ சீனி மிச்சமாகும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். அதன் விலை கடைக்காரனுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் காசை ஒரு கடிதவுறையில் போட்டு, ஞாயிறு பூசைக்குப் பிறகு வின்சென்ட் டி போல் சபையாரிடம் கொடுங்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை வாங்கவேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள். உறையில் பெயர் எழுதவேண்டியதில்லை.